பிசி547 ஏன் எரிந்தது? சிறு பல்பு ஒன்றை டிரான்சிஸ்டரால் ஏற்றி அணைப்பது குறித்து

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகக் கலங்கரை விளக்க மாதிரி ஒன்றைச் செய்கிறீர்கள். அதன் உச்சியில், எல்இடி வேண்டாம் என்று முடிவுசெய்து, இருசக்கர வாகனத்தின் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பை வைத்திருக்கிறீர்கள். நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையான ஆர்டுயினோ யூனோவின் 9ஆம் முனையிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (கட்டுப்படுத்தும் கால்) இணைப்பு, கலெக்டரில் (மின்னோட்டம் நுழையும் கால்) பல்பு, எமிட்டர் (அது வெளியேறும் கால்) தரையில், அதாவது சுற்றின் பொது எதிர்முனையில், பல்புக்குத் தனியாக 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். பல்பின் இழை மங்கிய சிவப்புக் கோடாக மட்டும் தெரிந்தது. டிரான்சிஸ்டர் விரல் வைக்க முடியாதபடி சுட்டது. சில வினாடிகளில் செத்தது. பிறகு ஒருவர் சொன்னபடி ரெசிஸ்டரை 1 கிலோ ஓமாகக் குறைத்தீர்கள். பல்பு ஓரளவு நன்றாகவே எரிந்தது, ஆனால் நாலைந்து சிமிட்டலுக்குப் பின் அணையவே மறுத்துவிட்டது. "எத்தனை ஓம் போட வேண்டும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது, அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது: "பெருக்கம் 300 என்கிறார்கள், கணக்குப்படி மின்னோட்டம் வந்தாக வேண்டுமே, பிறகு ஏன் எரிந்தது?" (பெருக்கம் என்பது, பேஸில் போகும் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடலாம் என்ற எண்.) பாலிடெக்னிக் செய்முறைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், ஆண்டுதோறும் அங்கே செத்த டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியால்தான் செத்தன. ஆகவே அந்த வரிக்கே பதில் சொல்கிறேன். ஓம் கணக்கு தானாக வந்து சேரும்.

உங்கள் கணக்கில் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. முனையில் 5 வோல்ட் இருக்கிறது, பேஸ்-எமிட்டர் சந்தியில் ஏறத்தாழ 0.7 வோல்ட் விழுகிறது, மீதி 4.3 வோல்ட் 10 கிலோ ஓமின் மேல் விழுவதால் 0.43 மில்லி ஆம்பியர் பேஸுக்குள் போகிறது. அதை 300ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியர். இது ஒலியைப் பெருக்கும் சுற்றுக்குப் போட வேண்டிய கணக்கு. உங்கள் பல்புக்கு வேண்டியது 5 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்து வரும் 417 மில்லி ஆம்பியர். வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே டிரான்சிஸ்டர் விடத் தயாராக இருந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதோடு 300 என்ற எண்ணும் உறுதியானதன்று. பிசி547 மூன்று வகுப்புகளாக விற்கப்படுகிறது: ஏ வகுப்பின் பெருக்கம் 110 முதல் 220 வரை, பி வகுப்பு 200 முதல் 450 வரை, சி வகுப்பு 420 முதல் 800 வரை. இவையும் 2 மில்லி ஆம்பியரில் அளந்த எண்கள். மின்னோட்டம் நூறைத் தாண்டும்போது பெருக்கம் வேகமாகச் சரியும். பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் மாறும் எண் ஒன்றை நம்பிச் சுவிட்ச் செய்யக் கூடாது.

இப்போது சூட்டின் கணக்கைப் பாருங்கள், ஏனென்றால் முதல் டிரான்சிஸ்டரின் மரணம் முழுவதும் இதில் இருக்கிறது. டங்ஸ்டன் இழைக்கு மின்னோட்டமும் மின்னழுத்தமும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் இழையின் மேல் நிற்கும் மின்னழுத்தம் எட்டில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிடுகிறது. 130 மில்லி ஆம்பியர் ஓடும்போது உங்கள் பல்பின் மேல் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்தான் இருந்திருக்கும். அந்த அளவில் இழை மங்கிய சிவப்பாகவே தெரியும், நீங்கள் கண்டதும் அதுதான். அப்படியானால் 12 வோல்ட்டில் மீதிப் பத்தரை வோல்ட் எங்கே போனது? கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில். பத்தரை வோல்ட்டை 0.13 ஆம்பியரால் பெருக்கினால் சுமார் 1.35 வாட். பிசி547இன் பிளாஸ்டிக் உடல் தாங்குவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்வது 0.5 வாட், சிலர் 0.625 வாட். அந்த உடலில் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளே உள்ள சிலிக்கான் சுற்றுப்புறத்தைவிட 200 பாகை செல்சியஸ் அளவுக்கு மேலே ஏறும், 1.35 வாட்டுக்கு 270 பாகை. அது தாங்கும் எல்லை 150 பாகை. பல்பு வாங்க வேண்டிய சூட்டை டிரான்சிஸ்டர் வாங்கிக்கொண்டது. ரெசிஸ்டரை 1 கிலோ ஓமாக மாற்றியபோதும் இதே கதைதான் சற்று வேறு எண்களில் நடந்தது: 4.3 மில்லி ஆம்பியர் பேஸில், அந்த அளவு மின்னோட்டத்தில் பெருக்கம் 70 என்று வைத்துக்கொண்டால் 300 மில்லி ஆம்பியர், பல்பின் மேல் ஆறரை வோல்ட், டிரான்சிஸ்டரின் மேல் ஐந்தரை வோல்ட், அதாவது 1.6 வாட். பல்பு முன்னைவிட நன்றாக எரிந்ததால் நிலைமை தேறிவிட்டது என்று தோன்றியிருக்கும். உண்மையில் டிரான்சிஸ்டருக்கு நிலைமை மோசமானது. இரண்டாவது டிரான்சிஸ்டர் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே உருகி ஒட்டிக்கொண்டது, அதனால்தான் பல்பு அணைய மறுத்தது.

டிரான்சிஸ்டரைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது நெடுநாள் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். பாதி திறந்த குழாய் சூடாவதில்லை. பாதி திறந்த டிரான்சிஸ்டர் சூடாகும், அதுவும் முழுதாக மூடியிருக்கும்போதும் முழுதாகத் திறந்திருக்கும்போதும் இல்லாத அளவுக்குச் சூடாகும். முழுதாக மூடியிருந்தால் 12 வோல்ட்டும் அதன் மேல்தான் நிற்கிறது, ஆனால் மின்னோட்டம் இல்லை, ஆகவே சூடு இல்லை. முழுதாகத் திறந்திருந்தால் முழு மின்னோட்டமும் அதன் வழியே போகிறது, ஆனால் அதன் மேல் நிற்பது 0.2 அல்லது 0.3 வோல்ட் மட்டுமே, ஆகவே சூடு மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவில்தான் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர இருக்கின்றன. டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்துவது என்றால் அந்த நடு இடத்தில் அதைத் தங்கவிடாமல் இருப்பது என்றே பொருள்.

முழுதாகத் திறக்கும் நிலையைப் பாடப்புத்தகங்கள் தெவிட்டிய நிலை என்று சொல்கின்றன, பொருத்தமான சொல். வயிறு நிறைந்தவனுக்கு மேலும் பரிமாறுவது போல, கலெக்டர் வழியே வரக்கூடிய மின்னோட்டத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பேஸுக்கு ஊட்டினால், கலெக்டரின் மின்னழுத்தம் பேஸின் மின்னழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது டிரான்சிஸ்டரின் பெருக்கமன்று; பல்பும் அடாப்டரும்தான். எவ்வளவு ஊட்ட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளே மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. பெருக்கம் அச்சிட்ட வரியை விட்டுவிட்டு, தெவிட்டுநிலையில் கலெக்டர்-எமிட்டர் மின்னழுத்தம் என்ற வரிக்குப் போங்கள். பிசி547க்கு அங்கே கலெக்டரில் 100 மில்லி ஆம்பியரும் பேஸில் 5 மில்லி ஆம்பியரும் கொடுத்து அளந்திருப்பார்கள். அதாவது சுவிட்சாக அதன் பெருக்கம் 20 என்று கொண்டே தயாரிப்பாளர் வாக்குறுதி தருகிறார். பெரும்பாலான மற்ற டிரான்சிஸ்டர்களுக்கு இந்த விகிதம் 10. எனவே பட்டறையில் நாங்கள் பின்பற்றும் பழக்கம் இதுதான்: கலெக்டரில் ஓட வேண்டிய மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை பேஸுக்குக் கொடு. அச்சிட்ட பெருக்கம் 300ஆக இருந்தாலும் 800ஆக இருந்தாலும் பத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் இந்த விதியின்படி 42 மில்லி ஆம்பியர் கொடுத்தாலும் பிசி547 உங்கள் பல்புக்கு ஆகாது. அதன் கலெக்டர் தொடர்ந்து தாங்கும் எல்லை 100 மில்லி ஆம்பியர், உங்களுக்கு வேண்டியது 417. எந்த ரெசிஸ்டரைப் போட்டும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. ஆகவே "எத்தனை ஓம்" என்ற கேள்விக்கு, இந்த டிரான்சிஸ்டரைப் பொறுத்தவரை, சரியான விடை என்று ஒன்று இல்லை.

இதுவரை சொன்னது ஓம் விதியும் தரவுத்தாளும்; இதில் ஐயத்துக்கு இடமில்லை. அடுத்துச் சொல்லப்போவதிலும் அடிப்படை உறுதியானதே, ஆனால் எண்கள் பல்புக்குப் பல்பு மாறும். 417 மில்லி ஆம்பியர் என்பது இழை வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கும்போது ஓடுவது. டங்ஸ்டனின் மின்தடை வெப்பத்தோடு ஏறக்கூடியது; 2,500 கெல்வின் அளவில் எரியும் இழையின் மின்தடை, அதே இழை அறை வெப்பத்தில் குளிர்ந்திருக்கும்போது உள்ள மின்தடையைப் போலப் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு. எரியும் பல்பின் மின்தடை 12 வோல்ட்டை 0.417 ஆம்பியரால் வகுத்து வரும் 29 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள், இரண்டரையிலிருந்து மூன்று ஓம் வரை காட்டும். கம்பிகளின் சொந்த மின்தடையான அரை ஓமுக்குட்பட்ட அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டை இந்த மூன்று ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். சுவிட்சைப் போடும் கணத்தில் பல்பு கேட்பது அதைத்தான். இழை சூடாகச் சூடாக மின்தடை ஏறி, சில பத்து மில்லி வினாடிகளில் மின்னோட்டம் 417 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். வீட்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் பட்டென்று போவதற்கும் இந்த முதல் உறிஞ்சல் ஒரு காரணம். உங்கள் கலங்கரை விளக்கம் சில வினாடிக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் நடுவில் இழை ஆறிவிடுவதால் ஒவ்வொரு முறையும் இந்த உறிஞ்சல் புதிதாக வருகிறது. உங்கள் இரண்டாவது பிசி547 சராசரிச் சூட்டால் செத்ததா, இந்த உறிஞ்சல்கள் அதை முன்கூட்டியே முடித்துவிட்டனவா என்பதைத் தொலைவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அலைகாட்டி இருந்தால் பார்த்துவிடலாம். இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம்.

சரி, எதை வாங்குவது? சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் எளிதாகக் கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது டிஐபி122. இது டார்லிங்டன் வகை, அதாவது ஒரே உடலுக்குள் ஒரு டிரான்சிஸ்டர் இன்னொன்றின் பேஸை ஓட்டுகிறது. பெருக்கம் குறைந்தது 1,000, தொடர் மின்னோட்டம் 5 ஆம்பியர், கண நேரத்துக்கு 8 ஆம்பியர். ஆகவே 4 ஆம்பியர் உறிஞ்சலைக் கண்டு அது கலங்காது. பேஸ் மின்னழுத்தம் இரண்டு சந்திகளைக் கடப்பதால் 1.4 வோல்ட், நீங்கள் ஏற்கெனவே வாங்கிய 1 கிலோ ஓமையே போட்டால் 3.6 மில்லி ஆம்பியர் போகும், அது இந்த வேலைக்குத் தாராளம். இதன் குறை, எவ்வளவு ஊட்டினாலும் கலெக்டர்-எமிட்டர் மின்னழுத்தம் முக்கால் வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. உங்கள் மின்னோட்டத்தில் 0.8 முதல் 1 வோல்ட் வரை நிற்கும். சூடு 0.4 வாட்தான், சூட்டைக் கடத்தும் ஹீட்சிங்க் தகடு தேவையில்லை. பல்பு 11 வோல்ட்டில் எரியும். ஒளி கால் பங்கு குறையும், ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். கண்காட்சிக்கு இது இழப்பு என்று நான் கருதமாட்டேன்.

இரண்டாவது, நானே செய்தால் எடுக்கக்கூடியது, ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர். பேஸின் இடத்தில் இதற்குள்ள கேட் முனைக்கு நிலையான மின்னோட்டமே தேவையில்லை, மின்னழுத்தம் போதும். 5 வோல்ட் கொடுத்தால் இதன் உள்தடை 0.025 ஓமுக்கு இறங்குகிறது. 417 மில்லி ஆம்பியர் ஓடும்போது 10 மில்லி வோல்ட் மட்டுமே அதில் விழும், சூடு 4 மில்லி வாட். தொட்டுப் பார்த்தால் அறை வெப்பத்தில்தான் இருக்கும். முனைக்கும் கேட்டுக்கும் நடுவில் 220 ஓம், கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் 10 கிலோ ஓம் போடுங்கள். இந்த இரண்டாவது ரெசிஸ்டரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்டுயினோ தொடங்கும் கணங்களில் அதன் முனை எங்கும் பிடிப்பில்லாமல் மிதக்கிறது. அப்போது கேட்டில் தேங்கிய மின்னூட்டம் வடிய வழியில்லாமல் மாஸ்ஃபெட் பாதி திறந்து நிற்கும், நாம் தவிர்க்க வந்த நடு இடமே அதுதான். கடையில் வாங்கும்போது மூன்றாவது எழுத்தைக் கவனியுங்கள். எல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப் உள்ள ஐஆர்எஃப்இசட்44என் தோற்றத்தில் அச்சாக அப்படியே இருக்கும், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கொடுத்தும் விடுவார்கள். அது 10 வோல்ட் கேட் மின்னழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் தரவுத்தாளில் காணும் 2 முதல் 4 வோல்ட் என்ற எண், அது திறக்கத் தொடங்கி 250 மைக்ரோ ஆம்பியர் விடும் இடத்தைக் குறிக்கிறது, முழுதாகத் திறந்த இடத்தையன்று. ஒன்றிரண்டு 5 வோல்ட்டில் நன்றாகவே வேலை செய்யும். அதை வைத்து மற்றவையும் செய்யும் என்று நம்ப முடியாது. நீங்கள் பின்னாளில் 3.3 வோல்ட் தரும் இஎஸ்பி32 பலகைக்கு மாறினால் ஐஆர்எல்இசட்44என்னுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் தயாரிப்பாளர் 4 வோல்ட் வரைதான் உறுதி தருகிறார்.

பிசி547 போன்ற சாதாரண இருசந்தி டிரான்சிஸ்டரைக் கொண்டே செய்ய வேண்டும் என்ற விருப்பம் இருந்தால், குழந்தைக்கு அதை விளக்குவது எளிது என்பதால் அந்த விருப்பம் நியாயமானதே, பல்பை மாற்றுங்கள். வாகனத்தின் மீட்டர் பலகையில் வரும் 12 வோல்ட், 1.2 வாட் சிறு பல்புக்கு 100 மில்லி ஆம்பியர் போதும். குளிர்ந்த கணத்தில் 1 ஆம்பியர் கேட்கும் என்பதால் அதற்கும் பிசி547 கூடாது, 1.5 ஆம்பியர் தாங்கும் பிடி139 போடலாம். பத்தில் ஒரு பங்கு 10 மில்லி ஆம்பியர். 390 ஓம் ரெசிஸ்டர் அதைக் கொடுத்துவிடும். யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் ஒரு முனைக்கு 40 மில்லி ஆம்பியர் உச்ச எல்லை, 20 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. 5 வாட் பல்பைத் தனி பிடி139 ஒன்றால் நேரடியாக ஓட்ட முடியாததற்கும் இதுவே காரணம்: பேஸுக்குத் தேவையான 42 மில்லி ஆம்பியரை அந்த முனையிடம் கேட்பது சில்லைப் பணயம் வைப்பதாகும். பிசி547 இரண்டு மூன்றைப் பக்கம் பக்கமாக இணைக்கலாமா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சந்தி சூடாக ஆக அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒரு பாகைக்கு 2 மில்லி வோல்ட் வீதம் குறைகிறது. மூன்றில் சற்றுக் கூடுதலாகச் சூடானது மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, மேலும் சூடாகி, முதலில் சாகும். பிறகு பாரம் மற்ற இரண்டின் மேல் விழும்.

உங்கள் மாதிரிக்கென்றே ஒரு யோசனை. கலங்கரை விளக்கத்தில் இழை பல்பை ஏன் விரும்பினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒளி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் அந்த அழகு எல்இடியில் நிரல் எழுதித்தான் வர வேண்டும். அந்த அழகைக் காத்துக்கொண்டே குளிர் உறிஞ்சலைப் பாதியாகக் குறைக்க ஒரு பழைய வழி உண்டு. பல்பை ஒருபோதும் முழுதாக ஆறவிடாதீர்கள். மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் முனைகளுக்கு (கலெக்டர், எமிட்டரின் இடத்தில் உள்ளவை) குறுக்கே 150 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், மாஸ்ஃபெட் மூடியிருக்கும்போதும் 80 மில்லி ஆம்பியருக்கு அருகில் இழை வழியே ஓடிக்கொண்டே இருக்கும். இழை சூடாக இருக்கும், கண்ணுக்கு ஒளி தெரியாது. இருட்டறையில் பார்த்து, சிவப்பு தெரிந்தால் 220 ஓமுக்கு மாறுங்கள். அந்த ரெசிஸ்டர் பல்பு அணைந்திருக்கும் நேரமெல்லாம் கிட்டத்தட்ட ஒரு வாட் சூட்டை வெளியிடும் என்பதால் தெர்மோகோல் அருகே வைக்காதீர்கள். ரெசிஸ்டரே இல்லாமல் நிரலிலும் இதைச் செய்யலாம். நீங்கள் தேர்ந்த 9ஆம் முனை தற்செயலாக நல்ல முனை; அதில் வினாடிக்கு 490 முறை துடிக்கும் துடிப்பு அகலப் பண்பேற்றம் கிடைக்கிறது, அதாவது வேகமாக ஏற்றி அணைத்து, ஏற்றியிருக்கும் நேரத்தின் பங்கால் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை. அணைக்கும் நேரத்தில் 0க்குப் பதில், 255இல் 2 அல்லது 3 என்ற மதிப்பை எழுதுங்கள். 12 வோல்ட்டில் 255இல் 3 பங்கு நேரம் மட்டும் கொடுப்பது, சூட்டைப் பொறுத்தவரை 1.3 வோல்ட் தொடர்ந்து கொடுப்பதற்குச் சமம்; சிவப்பு தெரியத் தொடங்கும் எல்லையும் அதுதான், ஆகவே 1இலிருந்து தொடங்கி மேலே போய்ப் பாருங்கள். இழை இந்தத் துடிப்பின் வேகத்துக்கு ஆறிச் சூடாக முடியாததால் நடுக்கம் தெரியாது. ஏற்றும்போதும் ஒரேயடியாக 255க்குத் தாவாமல் கால் வினாடியில் படிப்படியாக ஏற்றினால், உங்கள் அடாப்டருக்கும் நல்லது. 2 ஆம்பியர் அடாப்டர்களில் சில, 4 ஆம்பியர் கேட்டவுடன் குறுக்குச்சுற்று என்று எண்ணித் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும்.

இணைப்பில் நீங்கள் செய்தது சரி என்றாலும், இதே கேள்வியோடு வருபவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். பல்பை எமிட்டர் பக்கம் வைத்தால், பேஸில் 5 வோல்ட் இருக்கும்போது எமிட்டர் 4.3 வோல்ட்டுக்கு மேல் ஏறவே முடியாது, மீதி 7.7 வோல்ட்டை டிரான்சிஸ்டர் வாங்கிக்கொண்டு சுடும். மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும் பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் ஒன்றை 12 வோல்ட் பக்கம் வைத்து, அதன் பேஸை ஆர்டுயினோவோடு நேரே இணைத்தால் பல்பு அணையாது. முனை 5 வோல்ட் கொடுத்தாலும் அது எமிட்டரைவிட 7 வோல்ட் கீழே இருப்பதால் டிரான்சிஸ்டருக்கு எப்போதும் திறந்திரு என்றே கேட்கும், அதோடு 12 வோல்ட் ஆர்டுயினோவுக்குள் பின்வாசல் வழியாக நுழையும். அடாப்டரின் எதிர்முனையும் ஆர்டுயினோவின் தரை முனையும் ஒரு கம்பியால் இணைந்திருக்க வேண்டும்; செய்முறைக் கூடத்தில் "எல்லாம் சரியாக இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை" என்று என்னை அழைத்தவர்களில் பாதிப் பேரின் பலகையில் இந்தக் கம்பி இருக்காது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று தேவையா என்றால், பல்புக்குத் தேவையில்லை. அது ரிலே, மோட்டார் போன்ற சுருள்களுக்கு உரியது. சுருளில் தேங்கிய ஆற்றல் சுவிட்சை அணைக்கும் கணத்தில் திருப்பி அடிக்கும், இழையில் அப்படித் தேங்குவது எதுவும் இல்லை.

கால்களின் வரிசையில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. பிசி547இன் தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிடி139இல் எழுத்துள்ள முகத்தைப் பார்த்தால் எமிட்டர், கலெக்டர், பேஸ். இன்னொரு டிரான்சிஸ்டரான பிஎன்2222ஏ எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். முன்னெழுத்துகள் இடம் மாறிய பி2என்2222ஏ அதற்கு நேர் தலைகீழாக வரும். ஒருமுறை ஒரே அட்டைப்பெட்டியில் இந்த இரண்டும் கலந்து வந்து, ஒரு வகுப்பு முழுவதும் ஒரு மதியத்தை இழந்தோம். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிட்டால் 12 வோல்ட், பேஸ்-எமிட்டர் சந்தியைப் பின்புறமாகத் தாக்கும். பிசி547இல் அந்தச் சந்தி தாங்குவதாக உறுதி தரப்படுவது 6 வோல்ட் மட்டுமே. கட்டளை இல்லாமலேயே பல்பு மங்கலாக எரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பலகையில் செருகும் முன், மல்டிமீட்டரின் டயோடு அளவில் பேஸைக் கண்டுபிடித்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

புதிய சுற்றை இணைத்து முடித்ததும் பல்பு எரிகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். உங்கள் இரண்டாவது பிசி547இலும் பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. நிரலில் பல்பைப் பத்து வினாடி நிலையாக ஏற்றி வைத்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். டிஐபி122இல் 1 வோல்ட்டுக்குள், பிடி139இல் 0.3 வோல்ட்டுக்குள், மாஸ்ஃபெட்டில் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே சில பத்து மில்லி வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 3 வோல்ட், 5 வோல்ட் என்று காட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேஸ் ரெசிஸ்டரின் நிறக்கோடுகளை மறுபடி படியுங்கள். 390 ஓமின் ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பும் 39 கிலோ ஓமின் ஆரஞ்சு, வெள்ளை, ஆரஞ்சும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும்.